தசை வளர்ச்சியும் கலப்பினக் கால்நடைகளும்

பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லிக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலே, போரூரைக் கடந்தவுடன் ஐயப்பன்தாங்கல் என்னும் ஊர் வருகின்றது. தாங்கல் என்பது சிற்றேரியைக் குறிக்கும் சொல். மழைக்காலத்து நீரைத் தாங்கி வைத்திருந்து பின்னர் வயலுக்கு ஈவதாலே அப்பெயர் பெற்றது. இன்றோ ஏரி ஊர்ப்பெயரிலே நிற்கின்றது. வயல் இருந்த இடங்களிலே வீடுகள் நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலையில் அச்சாலை வழியே செல்வோர் கறிக்கடைகளின் முன்னே மக்கள் கூடி நிற்பதைக் காணலாம். ஒரு கூண்டிலே வெண்ணிறக் கறிக்கோழிகள். அடுத்த கூண்டிலே சற்றே மெலிந்த நாட்டுக்கோழிகள். கொக்கியிலே செம்மறியும் வெள்ளாடும். விலை ஒவ்வொன்றுக்கும் வேறு. கறிக்கோழி நாற்பது நாள் அளவிலே கடைக்கு வந்துவிடுகின்றது; நாட்டுக்கோழிக்கோ பல மாதங்கள் வேண்டும். இரண்டும் கோழியே. தானியம் தின்பதும் இரண்டுமே. பின்னர் இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது?

"இரத்தம்" என்று விடை கூறுவோர் பலர். கால்நடை வளர்ப்போர் பேசுவதைக் கேட்டவர்கள் இச்சொல்லை நன்கறிவர். அரை இரத்தம், முக்கால் இரத்தம், சீமை இரத்தம் என்று ஒரு குடும்பச் சொத்தைப் பங்கிடுவதுபோலவே பிராணியின் மரபையும் பங்கிட்டுப் பேசுகின்றனர். சீமைப் பங்கு ஏறினால் இறைச்சியும் அதே கணக்கில் ஏறும் என்பது அவர்தம் எண்ணம். பல குணங்களைப் பற்றிய மட்டில் இக்கணக்கு ஓரளவு உதவுகின்றது. அரசாங்கப் பண்ணைகளும் இதனைக் கொண்டே தம் கலப்பினங்களை விவரிக்கின்றன. ஆயினும் தசை வளர்ச்சியைப் பற்றிக் கடந்த முப்பது ஆண்டுகளிலே விஞ்ஞானிகள் கண்டறிந்தவற்றை நோக்குமிடத்து, பங்குக் கணக்கு பல இடங்களில் பொய்த்துப்போவதைக் காண்கிறோம். மரபணு இருக்கின்றதா என்பதைவிட, அது எப்பொழுது, எவ்வளவு, தந்தை வழியிலா தாய் வழியிலா வெளிப்படுகின்றது என்பதே பெரிதாகின்றது. இதனை எடுத்துக் காட்டுவதே நம் நோக்கம்.

மந்தையைப் பற்றிய இவ்வாராய்ச்சி மிகவும் பழமையானது. ஆதியாகமம் 30-ஆம் அதிகாரத்தில் யாக்கோபு தன் மாமன் லாபானின் மந்தையை மேய்த்த வரலாற்றை நம் வாசகர் அறிவர். தோலுரித்த கொப்புகளைத் தண்ணீர்த் தொட்டிகளில் இட்டு, அவற்றை நோக்கிப் பொலிந்த ஆடுகள் வரியும் புள்ளியுமான குட்டிகளை ஈன்றதாக அங்குக் கூறப்பட்டுள்ளது. தாய் கண்ட காட்சி குட்டியின்மேல் பதியும் என்பது அக்காலத்தார் நம்பிக்கை. ஆனால் அதே யாக்கோபு பலத்த ஆடுகள் பொலியும்போது மட்டுமே கொப்புகளை இட்டான் என்பதையும் கவனிக்க வேண்டும். கொப்புகள் யாதும் செய்திரா; பலத்த ஆடுகளைத் தெரிந்தெடுத்ததோ செய்திருக்கும். உலகெங்கும் கால்நடை வளர்த்தோர் பல்லாயிரம் ஆண்டுகளாக இவ்வாறே, காரணம் அறியாமலே காரியத்தைச் சாதித்து வந்துள்ளனர்.

இனித் தசை என்பது யாது என்று பார்ப்போம். நாம் இறைச்சி என்று உண்பது பெரும்பாலும் எலும்புகளோடு இணைந்து உடலை அசைக்கும் தசையே. அது நூல்போன்ற நீண்ட நார்களின் கட்டு. கருவிலே தசைக்கென ஒதுக்கப்பட்ட சிற்றணுக்கள் முதலில் பெருகிப் பின்னர் ஒன்றோடொன்று கலந்து ஒரு நாராகின்றன. ஆகையால் ஒரு நாருக்குள் பல உட்கருக்கள் உள்ளன. ஆடு, மாடு, பன்றி ஆகியவற்றில் நார்களின் எண்ணிக்கை ஏறக்குறைய பிறப்பதற்கு முன்னரே முடிவாகிவிடுகின்றது. பிறந்த பின்பு நார் பருப்பதும் நீள்வதுமே வளர்ச்சி. நாரின் ஓரத்தில் ஒட்டிக் கிடக்கும் துணை அணுக்கள் தேவையானபோது விழித்துப் பெருகி நாரோடு சேர்ந்து அதற்குப் புது உட்கருக்களை அளிக்கின்றன. ஆகவே இறைச்சியை மிகுவிக்க இரண்டு வழிகளே உள: கருவிலே நார்களின் எண்ணிக்கை மிகுதல் ஒன்று, பிறந்தபின் நார் பருத்தல் மற்றொன்று. எவ்வழியில் மிகுந்தது என்பதைப் பொறுத்தே பிரசவத்தின்போது தாய் படும் பாடு அமைகின்றது என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஒரு மாட்டின் கல்லீரலில் உள்ள அணுவும் தொடைத் தசையில் உள்ள அணுவும் ஒரே மரபணுத் தொகுதியை உடையவை. கல்லூரி நூல் நிலையத்தை நினைத்துக்கொள்க. எல்லா நூல்களும் அலமாரியில் உள்ளன. ஆயினும் வேதியியல் மாணவன் எடுப்பது ஒன்று, வரலாற்று மாணவன் எடுப்பது வேறு. தசையணு தனக்குரிய நூல்களை மட்டும் எடுத்துப் படியெடுக்கின்றது. அப்படியைக் கொண்டு புரதங்கள் செய்யப்படுகின்றன. மரபணுவிலிருந்து படி, படியிலிருந்து புரதம் என்னும் இச்செயலையே மரபணு வெளிப்பாடு என்கின்றனர். 1987-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் ஹாரல்ட் வைன்ட்ரௌப் என்பாரும் அவர் துணைவரும் மையோ-டி என்னும் ஒரு மரபணுவைக் கண்டறிந்தனர். தசையே அல்லாத இணைப்புத் திசுவின் அணுக்களில் இவ்வொன்றை இயங்கச் செய்தவுடன் அவை தசையணுக்களாக மாறத் தொடங்கின. தசைக்குரிய நூல்களையெல்லாம் திறக்கும் திறவுகோல் அது எனலாம்.

திறவுகோல் ஒன்று இருப்பின் பூட்டும் ஒன்று இருத்தல் வேண்டுமன்றோ? அப்பூட்டு 1997-இல் வெளிப்பட்டது. அமெரிக்காவில் ஸே-ஜின் லீ, அலெக்ஸாண்ட்ரா மெக்பெரன் ஆகியோர் எலிகளில் ஒரு மரபணுவைச் செயலற்றதாக்கினர். அவ்வெலிகளின் தசைகள் ஏனைய எலிகளின் தசைகளைப்போல் இரண்டு மூன்று மடங்கு எடையுள்ளனவாக வளர்ந்தன. அம்மரபணு செய்யும் புரதத்திற்கு மையோஸ்டாட்டின் என்று பெயரிட்டனர். "போதும், நில்" என்று தசைக்குச் சொல்லும் புரதம் அது. அதே ஆண்டில் பெல்ஜிய நாட்டு நீலமாடு என்னும் பெல்ஜியன் ப்ளூ இனத்தில் இம்மரபணுவின் எழுத்துக்களுள் 11 விடுபட்டிருப்பதாகக் கண்டனர். அவ்வினத்துக் காளையைப் படத்திலேனும் பார்த்தவர் மறவார். பின்தொடை இரண்டாகப் பிளந்ததுபோல் புடைத்து, தோலின்கீழ் கொழுப்பே இன்றிக் கல்லிற் செதுக்கிய உருவம்போல் நிற்கும். இவ்வித மாடுகளைப் பற்றி ஆங்கிலேயர் ஒருவர் 1807-இலேயே எழுதியிருக்கின்றார். காரணம் தெரிய 190 ஆண்டுகள் ஆயின.

இங்கேயே பங்குக் கணக்கு ஒரு முறை பொய்க்கின்றது. நீலமாட்டுக் காளையை வேறினப் பசுவோடு சேர்த்துப் பெற்ற கன்று சரிபாதி இரத்தம் உடையது. ஆனால் தசை சரிபாதியாக ஏறுவதில்லை. பழுதான படி ஒன்றும் நல்ல படி ஒன்றும் அதற்கு வாய்த்துள்ளன. நல்ல படி ஒன்றே பெரும்பாலும் தசையைத் தடுத்து நிறுத்தப் போதுமாகின்றது. கன்று சிறிது பருமனாக இருக்கும், அவ்வளவே. இரு படிகளும் பழுதானால்தான் அந்த விபரீத வடிவம் தோன்றும். அவ்வடிவத்திற்கு விலை கொடுப்பது தாய்ப்பசு. மையோஸ்டாட்டின் கருவிலேயே வேலை செய்வதாகையால் அது இல்லாத கன்று பிறக்கும்போதே மிகுந்த நார்களோடு பருத்துப் பிறக்கின்றது. தாயின் இடுப்பெலும்பின் வழியோ குறுகியது. ஆகவே பெல்ஜியத்தில் இவ்வினக் கன்றுகளுள் பெரும்பாலானவை வயிற்றைக் கீறியே எடுக்கப்படுகின்றன. மருத்துவர் கத்தியோடு அருகில் நின்றாலன்றி நிலைக்கமாட்டாத ஓர் இனத்தை மனிதன் உண்டாக்கிவிட்டான். இதனை வெற்றி என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

டெக்ஸல் என்னும் ஐரோப்பியச் செம்மறியின் கதை இதனினும் நுட்பமானது. அதுவும் தொடை பெருத்த இனமே. ஆயின் அதன் மையோஸ்டாட்டின் புரதத்திலே எவ்விதப் பழுதும் இல்லை. பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்தில் மிஷேல் ஜார்ஜஸ் என்பாரின் குழுவினர் 2006-இல் இதன் மருமத்தை வெளியிட்டனர். புரதத்தைக் குறிக்கும் எழுத்துக்கள் முடிந்தபின் படியின் வாலாக நீளும் பகுதியில் ஓரெழுத்து மாறியிருந்தது. தசையிலே மிகுந்திருக்கும் சில குறுந்துணுக்கு ஆர்.என்.ஏக்கள் அவ்வாலைப் பற்றிக்கொள்ள அம்மாற்றம் இடம் கொடுக்கின்றது. பற்றப்பட்ட படி புரதமாவதில்லை. கடிதம் பிழையின்றி எழுதப்பட்டது. உறையிலிட்டு அனுப்பவும் பட்டது. ஆனால் படிப்பதற்கு முன்னே வழியில் கிழிக்கப்பட்டது என்று கொள்க. மரபணு வெளிப்பாடு என்பது எத்தனை படிகளைக் கடந்து வரவேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் நாம் கண்டதில்லை.

நம் நாட்டிலும் இப்பூட்டைத் தொட்டிருக்கின்றனர். காஷ்மீரத்திலுள்ள ஷேர்-இ-காஷ்மீர் வேளாண் பல்கலைக்கழகத்தார் மையோஸ்டாட்டின் மரபணுவைத் திருத்திப் பெற்ற ஒரு செம்மறிக்குட்டியைப் பற்றி 2025 மே மாதத்தில் அறிவித்தனர். இந்தியாவில் மரபணு திருத்திய முதற்செம்மறி அதுவே. 2012-இல் நூரி என்னும் பஷ்மினா வெள்ளாட்டை நகலெடுத்துப் பிறப்பித்தவர்களும் இவர்களே. ஒரு குட்டி பிறந்ததனால் ஒரு மந்தை உண்டாகிவிடாது. அதன் வழிவந்த பெட்டைகள் மலைச்சரிவிலே துணையின்றி ஈனும்போது என்ன நேரும் என்பதே நாம் கேட்கும் கேள்வி. பெல்ஜியத்துப் பசுவுக்குக் கூப்பிடு தூரத்தில் மருத்துவர் உண்டு. நம் இடையர்களின் ஆடுகளுக்கு அப்படி யாரும் இலர்.

இதுகாறும் கூறியவற்றில் தந்தை, தாய் என்னும் வேற்றுமை எழவில்லை. இனி எழுகின்றது. அமெரிக்காவின் ஓக்லஹோமா மாகாணத்தில் 1983-இல் ஓர் ஆட்டுக்கிடா பிறந்தது. சொக்கத் தங்கம் என்று பொருள்படும் ஒரு பெயரை அதற்கு இட்டிருந்தனர். அதன் பின்தொடைகள் வியக்கத்தக்கவாறு பெருத்திருந்தன. கிரேக்க மொழியில் அழகிய பின்புறம் என்று பொருள்படும் காலிபைஜ் என்னும் பெயரை இக்குணத்திற்கு அறிஞர் சூட்டினர். கிரேக்கம் அறிந்த பேராசிரியர்கள் நம்மைப் பொறுத்தருள்க. இக்கிடாவின் வழியினரை ஆராய்ந்தபோது எவருக்கும் விளங்காத ஒன்று தென்பட்டது. மாறிய மரபெழுத்தைத் தந்தையிடமிருந்தும் மாறாததைத் தாயிடமிருந்தும் பெற்ற குட்டிக்கு மட்டுமே தொடை பெருத்தது. தாயிடமிருந்து மாறியதையும் தந்தையிடமிருந்து மாறாததையும் பெற்றது சாதாரண ஆடு. இருவரிடமிருந்தும் மாறியதையே பெற்றதும் சாதாரண ஆடே! இரட்டைப் பங்கு உடையது ஒன்றுமில்லாமல் நிற்க, ஒற்றைப் பங்கு உடையது, அதுவும் தந்தை வழியதாயின், கொழிக்கின்றது. 1996-இல் இதனை வெளியிட்டனர். மாறிய அவ்வோரெழுத்தை 2002-இல் கண்டுபிடித்தனர். இப்பெருக்கம் பிறந்து சில வாரங்கள் சென்ற பின்னரே தொடங்குவதால் ஈற்றின்போது தாய்க்குத் துன்பம் இல்லை. ஆனால் அக்கறி மெல்ல முடியாத அளவு கடினமாக இருந்தது. சந்தை அதனை விரும்பவில்லை.

தந்தை தந்த படியும் தாய் தந்த படியும் ஒரே எழுத்துக்களை உடையனவாக இருந்தும் ஒன்று பேசி மற்றொன்று மௌனமாயிருப்பது எப்படி? விந்தணுவும் சூலணுவும் உருவாகும்போதே சில மரபணுக்களின்மேல் ரசாயன முத்திரைகள் இடப்படுகின்றன. முத்திரையிட்ட படியை அணு படிப்பதில்லை. பாலூட்டிகளில் சுமார் நூறு மரபணுக்கள் அளவிலே இவ்விதம் முத்திரை பெறுகின்றன. அவற்றுள் பல வளர்ச்சியைச் சார்ந்தவை என்பது நோக்கத்தக்கது.

இதனைத் தாயின் கருப்பையால் நேரும் வேறுபாட்டோடு குழப்பிக்கொள்ளுதல் கூடாது. கேம்பிரிட்ஜில் வால்ட்டன், ஹாமண்ட் என்னும் இருவர் 1938-இல் வெளியிட்ட சோதனை பலர் அறிந்தது. ஷையர் என்னும் பேருருக் குதிரையையும் ஷெட்லண்டு என்னும் மட்டக்குதிரையையும் செயற்கைக் கருவூட்டலால் இருவழியிலும் கலந்தனர். இரு கலப்பிலும் இரத்தம் சரிபாதியே. எனினும் பெரிய தாய் ஈன்ற குட்டி, சிறிய தாய் ஈன்ற குட்டியைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு எடையுடன் பிறந்தது. இது முத்திரையின் வேலையன்று. இடமும் உணவும் அளித்த கருப்பையின் வேலை. பழந்தமிழில் அத்திரி என்று வழங்கிய கோவேறு கழுதை, ஆண்கழுதைக்கும் பெண்குதிரைக்கும் பிறப்பது. மாற்றிச் சேர்த்தால் பிறப்பது பெரும்பாலும் அதனினும் சிறிய வேறொரு பிராணி. இரண்டையும் கலப்பு என்னும் ஒரே சொல்லால் குறித்துவிட்டு அப்பால் செல்வது நம் வழக்கமாகிவிட்டது.

இப்போது நம் ஊர்ப் பக்கத்திற்குத் திரும்புவோம். ஐயப்பன்தாங்கலை அடுத்துப் பூந்தமல்லிச் சாலையிலே காட்டுப்பாக்கம் என்றோர் ஊர் உண்டு. கால்நடை ஆராய்ச்சியால் பெயர் பெற்ற காட்டுப்பாக்கம் அதுவன்று. அது தெற்கே செங்கற்பட்டு செல்லும் பெருஞ்சாலையில் பொத்தேரிக்கு அருகில் உள்ளது. பெயரொற்றுமையால் இவ்விரண்டையும் மயங்குவோர் உளர். பொத்தேரிக்கு அருகிலுள்ள நிலையம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அப்பல்கலைக்கழகம் 1989-இல் தோன்றியது. அதன் மூலவேரான சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியோ 1903-இல் தொடங்கியது. காட்டுப்பாக்கத்து நிலையத்தார் கே.பி.எம். கோல்டு என்னும் பன்றி வகையை உருவாக்கியிருக்கின்றனர். நூற்றுக்கு 75 பங்கு வெள்ளை யார்க்‌ஷயர், 25 பங்கு நாட்டுப்பன்றி என்பது அதன் விவரம். கேரளத்தில் மண்ணுத்தியிலும் இதே பங்கில் ஒரு வகை உண்டு. நம் உழவர்கள் வெண்பன்றி என்று அழைப்பது இந்த யார்க்‌ஷயரையும் அதன் வழியினரையுமே.

முக்கால் பங்கு என்று ஏன் நிறுத்தினர்? முழுச் சீமைப் பன்றி விரைந்து பருக்கும், கொழுப்புக் குறைந்த இறைச்சி தரும். ஆனால் அதற்கு நல்ல தீவனம் வேண்டும், சென்னையின் கோடை வெயிலை அது பொறுக்காது. நாட்டுப்பன்றி உணவு விடுதிக் கழிவிலும் உயிர் வாழும், நோயைத் தாங்கும்; ஆனால் மெல்ல வளரும். இரண்டின் நன்மையையும் ஒரு குட்டியில் சேர்ப்பதே கலப்பின் கருத்து. இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கலப்பு வீரியம் என்று புகழப்படுவது தசையைவிட உயிர்ப்பிலேயே மிகுதியாகத் தெரிகின்றது. குட்டிகள் பிழைத்தல், தாய் மிகுதியாக ஈனுதல், நோய் தாங்குதல் ஆகியவற்றில் வீரியம் நன்கு தோன்றும். வளர்வேகத்தில் நடுத்தரமாகத் தோன்றும். இறைச்சியின் அமைப்பிலோ மிகச் சிறிதே. கொழுத்த தசைக்காகக் கலப்பை நாடுவோர் வீரியத்தை நம்பாமல் குறிப்பிட்ட மரபணுக்களையே நாட வேண்டும்.

அத்தகைய மரபணு பன்றியிலே ஒன்று உண்டு. இன்சுலினை ஒத்த இரண்டாம் வளர்ச்சிக் காரணி என்பது அதன் பெயர். ஸ்வீடனில் உப்ஸாலாவைச் சேர்ந்த லைஃப் ஆண்டர்ஸன் குழுவினரும் மேற்கூறிய லியேஜ் குழுவினரும் சேர்ந்து 2003-இல் இதனை விளக்கினர். புரதத்தைக் குறிக்காத இடைப்பகுதி ஒன்றிலே குவானின் என்னும் எழுத்து அடினினாக மாறியுள்ளது. அவ்வோரெழுத்தினால் பிறந்தபின் தசையிலே இக்காரணியின் படிகள் மும்மடங்காகின்றன. தசை நூற்றுக்கு 3 முதல் 4 வரை கூடுகின்றது. முதுகுக் கொழுப்புக் குறைகின்றது. கருவிலே இம்மாற்றம் தசையைத் தொடுவதில்லை, கல்லீரலையும் தொடுவதில்லை. காரணம் 2009-இல் தெரிந்தது. ஒரு காவற்புரதம் அவ்விடத்தில் அமர்ந்து படியெடுப்பதை அடக்கிவந்தது. எழுத்து மாறியதும் அதனால் அங்கே அமர முடியவில்லை. ஒல்லியான இறைச்சிக்கென நெடுங்காலம் தெரிந்தெடுத்த ஐரோப்பிய இனங்களில் இந்த அடினின் எழுத்து மிகப் பரவியிருக்கின்றது. எழுத்தின் பெயரை அறியாமலே பல தலைமுறை வளர்ப்போர் அதனைத் தெரிந்தெடுத்துவிட்டனர், யாக்கோபின் கதைதான்.

இம்மரபணுவும் முத்திரை பெற்ற ஒன்று. தந்தை தந்த படியே தசையில் பேசும், தாய் தந்த படி மௌனம். இதன் விளைவை ஒரு கணக்கால் பார்ப்போம். வெள்ளை யார்க்‌ஷயரின் இரு படிகளும் அடினின் என்றும், நாட்டுப்பன்றியின் இரு படிகளும் குவானின் என்றும் வைத்துக்கொள்வோம். முதற்கலப்பில் யார்க்‌ஷயர் ஆணும் நாட்டுப் பெண்ணும் சேர்ந்தால் எல்லாக் குட்டிகளும் தந்தையின் அடினினால் பயன் பெறும். நாட்டு ஆணும் யார்க்‌ஷயர்ப் பெண்ணும் சேர்ந்தால் ஒரு குட்டியும் பயன் பெறாது. இரண்டுமே அரை இரத்தம்.

அடுத்த தலைமுறைக்கு வருவோம். அரை இரத்தப் பெண்ணை யார்க்‌ஷயர் ஆணோடு சேர்த்தால் பிறப்பவை முக்கால் இரத்தம். தந்தை எப்போதும் அடினினையே தருவதால் அத்தனை குட்டிகளும் தசை கூடியவை. யார்க்‌ஷயர்ப் பெண்ணை அரை இரத்த ஆணோடு சேர்த்தாலும் பிறப்பவை முக்கால் இரத்தமே; ஆனால் அத்தந்தை குட்டிகளுள் பாதிக்கு அடினினையும் பாதிக்குக் குவானினையும் தருவான். ஒரே ஈற்றிலே, ஒரே கொட்டிலிலே, ஒரே தொட்டியில் உண்ணும் குட்டிகளுள் பாதி ஒரு விதமாகவும் பாதி வேறு விதமாகவும் வளரும். காகிதத்திலே அனைத்தும் முக்கால் பங்கு. தீவனக் கடனை அடைக்க வேண்டிய உழவனுக்குத் தராசு வேறொன்றைச் சொல்லும். மூன்று நான்கு பங்கு என்பது சிறிதென்று தோன்றலாம். தீவனச் செலவே பெருஞ்செலவாகிய தொழிலில் இலாபம் முழுவதும் பல வேளைகளில் அம்மூன்று நான்கு பங்கிலேதான் இருக்கின்றது.

தசையைக் கூட்டும் எழுத்துக்கள் எல்லாம் நல்லவை அல்ல. பியட்ரேன் முதலிய சில பன்றி இனங்களில் தசையணுவின் கால்சியக் கதவைச் செய்யும் மரபணுவிலே ஓரெழுத்து மாறியிருப்பதை 1991-இல் கண்டனர். அவ்வெழுத்தை இருவழியிலும் பெற்ற பன்றி கொழுப்புக் குறைந்து தசை மிகுந்திருக்கும். ஆனால் வண்டியில் ஏற்றினால், வெயிலில் ஓட்டினால், அச்சுறுத்தினால் கதவு மூடாமல் கால்சியம் பாய, உடல் கொதித்து விறைத்து மாண்டுவிடும். பிழைத்து வெட்டப்பட்டதின் இறைச்சியும் வெளிறி நீர் கசியும். ஹாலோதேன் என்னும் மயக்க வாயுவைக் குட்டிகளின் மூக்கிலே காட்டி, விறைப்பவற்றைக் கழித்து வந்தனர். இப்போது மரபணுச் சோதனையே போதும்.

கோழியின் விஷயம் வேறு. பறவைகளில் தந்தை முத்திரை, தாய் முத்திரை என்பது காணப்படவில்லை. கறிக்கோழியின் மார்பு ஒரே மரபணுவால் பெருத்ததும் அன்று. சிறு சிறு பயன் உடைய எண்ணற்ற மரபணுக்களைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்த பலனே அது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 1957-ஆம் ஆண்டு வம்சத்தையும், 1978-ஆம் ஆண்டு வம்சத்தையும், 2005-ஆம் ஆண்டு வம்சத்தையும் ஒரே தீவனம் இட்டு வளர்த்து 2014-இல் முடிவை வெளியிட்டனர். 56-ஆம் நாளில் முதலாவது 905 கிராம். இரண்டாவது 1,808 கிராம். மூன்றாவது 4,202 கிராம். தீவனம் ஒன்றே ஆகையால் வேறுபாடு முழுவதும் மரபின் வேலை. நாம் உண்ணும் கறிக்கோழி ஓர் இனமன்று. தாய்வழி வம்சங்களையும் தந்தைவழி வம்சங்களையும் தனித்தனியே பேணிக் கடைசியில் கலந்து பெறுவது. அக்கலப்பிலும் திசை உண்டு. வளர்ச்சிச் சுரப்பை ஏற்கும் மரபணு பழுதானால் கோழி குள்ளமாகும். அது பால்நிறப்புரியில் இருப்பது. குள்ளத்தாய் மூன்றில் ஒரு பங்கு சிறியது, குறைவாக உண்ணும். ஆயினும் சாதாரணச் சேவலோடு சேர்த்தால் பெட்டைக் குஞ்சுகள் தந்தையின் நல்ல படியை மட்டுமே பெற்று முழு வளர்ச்சி அடையும். சேவற்குஞ்சுகளும் பெரும்பாலும் அவ்வாறே.

இவ்விரைவுக்குரிய விலையையும் கோழி கொடுக்கின்றது. மார்புத் தசை இரத்த ஓட்டத்தை மிஞ்சி வளர்வதால் சிலவற்றில் அது மரம்போல் இறுகுகின்றது, வெண்கோடுகள் படர்கின்றன. குஞ்சுகளின் பெற்றோரை வயிறார உண்ணவிட்டால் அவை பருத்து முட்டையிடும் திறனை இழக்கும். ஆகையால் அவற்றுக்கு அளந்தே தீவனம் இடுகின்றனர். பிறவியிலேயே பெரும்பசி உடையதாகச் செய்து, பின்னர் அப்பசியோடே வாழ்நாள் முழுவதும் வைத்திருத்தல்! பல்லடத்திலும் உடுமலையிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இத்தொழிலால் பிழைக்கின்றன என்பதையும், ஏழையின் தட்டிலே கறி வந்தது இதனால்தான் என்பதையும் நாம் மறக்கவில்லை. ஆயினும் அப்பசியை எண்ணும்போது உள்ளம் உறுத்துகின்றது.

கடைக் கொக்கியில் தொங்கும் செம்மறியைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கற்பட்டு வட்டாரங்களுக்கே உரிய இனம் சென்னைச் சிவப்பு. செந்நிற மயிர், கம்பளி இல்லை, கிடாவுக்குக் கொம்பு உண்டு, பெட்டைக்கு இல்லை, சிறு வால். வளர்ந்த கிடா ஏறத்தாழ 35 கிலோ எடை வரும். பெட்டை அதனினும் மிகச் சிறியது. பெருந்தொடை இதற்கு இல்லை. ஆனால் வெயிலில் நடந்து, அறுவடைத் தாளையும் ஏரிப்படுகைப் புல்லையும் மேய்ந்து, மருத்துவர் எவரும் இன்றி ஈன்று, குட்டியை வளர்த்துவிடும். இதனை மேம்படுத்தச் சீமைக் கிடாவைத் தேடுவதற்கு முன், இவ்வினத்துக்குள்ளேயே விரைந்து வளரும் பொலிகிடாக்களைத் தெரிந்தெடுத்து இடையர்களுக்கு அளித்தல் நலம் என்பது நம் கருத்து. காட்டுப்பாக்கத்து நிலையம் இவ்வினத்தைப் பற்றியும் பணி செய்து வருகின்றது. இனத்துக்கு நேரும் பெரிய ஆபத்து மரபிலே இல்லை. மேய்ச்சல் நிலத்திலே இருக்கின்றது. பூந்தமல்லிச் சாலையின் இருபுறமும் தாங்கல்கள் மனைகளாகும்தோறும் அவற்றை நம்பிய மந்தை மேற்கே மேற்கே ஒதுங்குகின்றது. அழிந்த இனத்தைக் கொண்டு எக்கலப்பும் செய்ய இயலாது. முக்கால் பங்குக்கும் ஒரு கால் பங்கு நாட்டினம் வேண்டுமே.

விலங்கியல் பயிலும் மாணவர் சிலர் இக்கணக்கைப் பண்ணைகளிலே சோதித்துப் பார்க்க விரும்புவர். அதற்குப் பெருஞ்செலவு இல்லை. வேரோடு பிடுங்கிய சில மயிர்கள் இருந்தால் அவற்றிலிருந்து மேற்சொன்ன எழுத்தைப் படித்துவிடலாம். ஆனால் மயிரைப் படிப்பதற்கு முன், குட்டியின் தந்தை யார், தாய் யார் என்று எழுதிய பதிவேடு ஒன்று வேண்டும். சிறு பண்ணைகள் பலவற்றில் தாயின் காதிலே எண் தொங்குகின்றது. தந்தைக்குரிய கட்டமோ வெறுமையாக இருக்கின்றது. முதலில் நிரப்ப வேண்டுவது அக்கட்டத்தையே.